மலை ரயில் மாடலுக்கு மலையை எப்படிச் செய்வது?

கேள்வி: நீலகிரி மலை ரயிலை வீட்டில் மாடலாக அமைக்க ஆசை. ரயிலும் தண்டவாளமும் எப்படியாவது வாங்கிவிடலாம். மலை, தேயிலைத் தோட்டம், வீடுகள் ஆகியவற்றை நம் ஊர்ப் பொருட்களைக் கொண்டே உண்மைபோலச் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். குன்னூரில் என் வீட்டு மாடியறையில் பாதியை இந்த வேலைதான் பிடித்து வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பாக்கெட் மரமும் பாக்கெட் புல்லும் இல்லாமலே செய்யலாம். நீலகிரிக்கு அவை பொருந்தவும் பொருந்தாது.

முதலில் ஆசையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். எச்.ஓ. எனப்படும் 87-இல் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தாலும் தண்டவாளம் அரை கிலோமீட்டரைத் தாண்டும். 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறும் பாதை அது. அந்த ஏற்றத்தை அதே கணக்கில் காட்ட ஏழு மாடிக் கட்டிடம் வேண்டும். ஆகவே ஒரு வளைவு, ஒரு நிலையம், அதன் மேலும் கீழும் உள்ள சரிவு, இவ்வளவு போதும்.

எந்த இடம்? எல்லோரும் கல்லாறு–குன்னூர் பல்சக்கரப் பகுதியைத்தான் கேட்பார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட சட்டம் (பல்சட்டம்) ஓடும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்து ஏறும் இடம் அது. அங்கே ஏற்றம் 12.28-க்கு 1, அதாவது 12.28 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் ஏறும். சாதாரண மாடல் எஞ்சின் அதில் சக்கரம் சுழன்று நின்றுவிடும். பல்சட்டம் கடிக்கும் எஞ்சினே வேண்டும். சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளுக்கென்று 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் கிடைக்கும் மாடல்கள் நம் மீட்டர் கேஜுக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், விலைதான் மலையைவிட உயரம். குன்னூருக்கு மேலே பல்சட்டம் கிடையாது. எனவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது குன்னூருக்கும் உதகைக்கும் இடையே உள்ள கேத்தி. சிறிய நிலையம், எதிரே படிப்படியாக இறங்கும் காய்கறித் தோட்டங்கள், அதற்கப்பால் பல நிறங்களில் அடுக்கிய வீடுகள். ஒரு பலகைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இனி முக்கியமான விஷயம். பெரும்பாலோர் தெர்மகோலில் ஒரு மேடு செய்து, பச்சை பூசி, அதன் மேல் வீடுகளை வைக்கிறார்கள். கொலுப் படியில் பொம்மை வைத்தது போல இருக்கும். எங்கள் மலையில் எந்த வீடும் மேட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. பின்னால் மண்ணை வெட்டியிருப்பார்கள், முன்னால் கல்கட்டு எழுப்பியிருப்பார்கள், இடையில் மழைநீர் ஓட ஒரு சாக்கடை இருக்கும். ஒரு பக்கம் பார்த்தால் ஒரு மாடி, மறுபக்கம் மூன்று மாடி. எனவே கட்டிடங்களை முதலில் வெற்று அட்டையில் வெட்டி நிறுத்துங்கள். அவற்றைச் சுற்றி மலையைக் கட்டுங்கள். இந்த வரிசையை மாற்றினால் பிறகு எவ்வளவு வண்ணம் பூசினாலும் ஒட்டாது.

மலைக்கு தெர்மகோல் துண்டுகளை அடுக்கி, எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் பட்டியை நனைத்து மேலே போர்த்தினால் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும். தெர்மகோலுக்கு ஃபெவிகால் போன்ற தண்ணீர்ப் பசைதான். ரப்பர் பசையோ ஸ்ப்ரே பெயின்டோ பட்டால் கரைந்து குழியாகிவிடும். பாறைக்குக் கசக்கிய அலுமினியத் தாளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி எடுங்கள். வீடியோக்களில் பார்க்கும் பழுப்பு நிறம் வேண்டாம். நீலகிரிப் பாறை சார்னோகைட், கருஞ்சாம்பல். அதன் மேல் நீர் வழிந்த கறுப்புக் கோடுகள். வெட்டிய மண் மட்டும் சிவப்பு. அதற்கு நிஜச் செம்மண்ணையே சலித்துத் தூவலாம்.

கல்கட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள், காட்சியே அதில்தான் நிற்கிறது. நாலு மில்லிமீட்டர் கனத்துக்கு பிளாஸ்டர் தகடு வார்த்து, பாதி இறுகும்போது ஊசியால் கல் கல்லாகக் கீறுங்கள். ஓரடிக் கல் என்றால் இந்த அளவில் மூன்றரை மில்லிமீட்டர். இரண்டு கல் ஒரே அளவில் வரக் கூடாது. சுவரின் கீழ்ப்பகுதியில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு நீர்த் துளை. ஒவ்வொரு துளையிலிருந்தும் நீர்த்த கறுப்பைக் கீழ்நோக்கி ஒரே இழுப்பில் இழுத்து, ஓரங்களில் மட்டும் பாசிப் பச்சையைத் தொட்டு வையுங்கள். சுவர் உடனே ஈரமாகத் தெரியும். அந்த ஈரம் இல்லாத மாடல் எனக்குக் கோயம்புத்தூராகத்தான் தெரிகிறது.

தகரக் கூரைக்கு ஒரு வழி. ஹார்டுவேர் கடையில் எம்5 மரைக்கம்பி, அதாவது நீளம் முழுக்கத் திருகு மரை வெட்டிய 5 மில்லிமீட்டர் கம்பி, வாங்குங்கள். அதன் மரை இடைவெளி 0.8 மில்லிமீட்டர். பழைய ரப்பர் செருப்பின் மேல் சமையலறை அலுமினியத் தாளை விரித்து, கம்பியை அழுத்தி உருட்டினால் தகரத்தின் நெளிவு அப்படியே விழும். கோடுகள் லேசாகச் சாய்ந்து வரும். ஆகவே தாளின் விளிம்பை நம்பாமல் கோட்டை ஒட்டி வெட்ட வேண்டும். ஒரே பெரிய தாளாக ஒட்டாதீர்கள். எட்டடித் தகரம் 28 மில்லிமீட்டர். துண்டு துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, சிலவற்றில் மட்டும் துருவைக் காட்டுங்கள். காற்றில் பறக்காமலிருக்க மேலே நாலு கல், ஒரு பழைய டயர்.

தேயிலைச் செடியின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மிக்சியில் அரைத்துச் சாயமேற்றிய ஸ்பாஞ்சைச் சரிவின் வளைவை ஒட்டி வரிசையாக ஒட்டி, காய்ந்ததும் கத்தரிக்கோலால் மேற்பரப்பைத் தட்டையாக வெட்டுங்கள். உருண்டையாக விட்டால் அது பூங்கா. கொழுந்துக்கு மேலே மட்டும் மஞ்சள் கலந்த இளம்பச்சை. ஒரு மூலையில் சிறு பகுதியைக் கவாத்து வெட்டிய தோட்டமாக, இலையில்லாத பழுப்புக் குச்சிகளாக விடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாத் தோட்டத்துக்கும் நடப்பதுதான், மாடல்களில் யாரும் காட்டுவதில்லை.

மரங்களை யாரும் போதிய உயரத்தில் வைப்பதில்லை. தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் 12 மீட்டர் என்றால் 14 சென்டிமீட்டர். 30 மீட்டர் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஓரடியைத் தாண்டும். கூச்சப்படாமல் அந்த உயரத்திலேயே வையுங்கள், ரயில் தானாகச் சிறுத்து மலை பெரிதாகும்.

தரைக்கு டீ போட்டு வடிகட்டிய தூள் அருமையான பொருள். ஆனால் இந்த ஊர் ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். வாணலியில் வறட்டிய பிறகே தூவுங்கள், செம்மண்ணையும் அப்படியே. பிளைவுட் பலகைக்கு அடிப்பக்கமும் வார்னிஷ் அடியுங்கள், இல்லாவிட்டால் ஜூன் மழையில் வளைந்து தண்டவாளத்தையும் தூக்கிவிடும்.

நான் சொல்வதையும் மீறிப் பல்சக்கரப் பகுதியைத்தான் செய்வீர்கள் என்றால், எஞ்சினை முன்னால் மாட்டாதீர்கள். அங்கே நீராவி எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் பிரேக் போடுகிறவர் ஒருவர் நிற்பார். இரண்டு சென்டிமீட்டர் ஆள், கையில் பச்சைக் கொடி.