பரணில் இருக்கும் பூட்ஸை இறக்குங்கள்

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி நாளிலிருந்தே கால்பந்துப் பைத்தியம், மாவட்ட அணியிலும் இருக்கிறாள். அவள் டாக்டராக வேண்டும் என்பது மறைந்த என் கணவரின் ஆசை. போன தேர்வில் ஒரு பாடம் போய்விட்டது. கோபத்தில் அவளுடைய பூட்ஸை எடுத்துப் பரணில் ஒளித்து வைத்தேன். இப்போது வெறுங்காலோடு போய் ஆடுகிறாள். எப்படி நிறுத்துவது?

பதில்:

அன்புச் சகோதரி, வெறுங்கால், டாக்டர் படிப்பு, அப்பாவின் ஆசை என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் படித்ததும் எனக்கு தாலிமெரன் ஆவோ ஞாபகம்தான் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்கு அவர்தான் கேப்டன். 1918-இல் நாகா மலையில் சாங்கி என்ற ஊரில் பிறந்தவர், சின்ன வயதில் துணி சுற்றிய பந்தை உதைத்துப் பழகியவர். அப்பா பாதிரியார். பையன் டாக்டராக வேண்டும், நம் மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் 1935-இல் டைபாய்டில் இறந்தபோது ஆவோவுக்கு 17 வயதுதான்.

அதற்காக அவர் பந்தைத் தூக்கிப் போடவில்லை. 1942-இல் கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், அடுத்த ஆண்டே மோகன் பகான் அணிக்கு ஆட ஆரம்பித்தார், அப்புறம் அதற்குத் தலைவராகவும் ஆனார். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தபோது அவருக்கு வயது 30, அப்போதும் அவர் மாணவர்தான்! பட்டம் கைக்கு வந்தது 1950-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு வருஷம்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த எட்டு வருஷத்தைத்தான். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும், ஆனால் காலம் கூடப் பிடிக்கும். ஒரு பாடம் போனது விளையாட்டால்தான் என்றே வைத்துக்கொள்வோம், அதற்கு ஒரு வருஷம் பின்தங்கினாலும் அவள் டாக்டர் ஆகாமல் போய்விட மாட்டாள்.

அந்த ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு ஆடிய ஒரே ஆட்டத்தில் நாம் 1-2 என்று தோற்றோம். இரண்டு பெனால்டிகளை விட்டுவிட்டோம், நமக்காக ஒரே கோலை அடித்தவர் மைசூரின் சாரங்கபாணி ராமன். நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்" என்று ஆவோ பதில் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். இங்கிலாந்தின் ஆர்சனல் கால்பந்து கிளப் கூப்பிட்டும் படிப்பை முடிக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். பிறகு ஊருக்குத் திரும்பி கோஹிமாவில் அரசு டாக்டராக வேலை பார்த்தார், நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக இருந்து 1978-இல் ஓய்வு பெற்றார். அப்பாவின் ஆசை நிறைவேறியது, மோகன் பகானையும் அதற்காக விட வேண்டியிருக்கவில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மகளோடு உட்கார்ந்து ஒரு காலண்டரில் தேர்வுத் தேதிகளையும் போட்டிகளையும் குறியுங்கள், எங்கே மோதுகிறதோ அங்கே எதை விடுவது என்பதை அவளே சொல்லட்டும். வருகைப் பதிவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத விட மாட்டார்கள், அதைப் பயிற்சியாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன பாடத்தை எழுதி முடிக்கும் வரை வெளியூர் போட்டி வேண்டாம் என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அதைக் கேளுங்கள், ஒளித்து மட்டும் வைக்காதீர்கள். அப்பா பெயரைச் சொல்லி அழ வைக்கவும் வேண்டாம், அவர் இல்லாத வருத்தம் அவளுக்கும் இருக்கும்.

எதிரணியெல்லாம் அடியில் ஸ்டட்ஸ் என்ற குமிழ்கள் வைத்த பூட்ஸோடு வரும்போது இவள் வெறுங்காலோடு நின்றால் விரல் நசுங்கும். அதனால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். ரொம்ப நாள் பரணில் கிடந்திருந்தால் அடிப்பாகம் பசை விட்டிருக்கலாம், கொடுக்கும் முன் ஒருமுறை வளைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் தைத்துக் கொடுங்கள்.