சைட் ரேடியோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு எந்த கார்ட்லெஸ் ரேடியோ நல்லது? ஒரு மாடல் மட்டும் சொல்லுங்கள், போதும்.

கையில் எந்த டிரில் இருக்கிறது என்றே சொல்லாமல் கேட்டால் எதைச் சொல்வது? டிரில்லும் கிரைண்டரும் எந்த கம்பெனி பேட்டரியில் ஓடுகின்றனவோ, அதே பேட்டரியில் ஓடும் ரேடியோவை வாங்குங்கள். ஒலித்தரமெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெட்டியில் பெரும்பாலும் ரேடியோ மட்டும்தான் இருக்கும். பேட்டரியும் சார்ஜரும் தனி விலை. அட்டையைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

என் பேட்டரி 18 வோல்ட். ரேடியோவில் 20 வோல்ட் என்று போட்டிருக்கிறதே?

இரண்டிலும் 5 செல்கள்தான். செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18; முழு சார்ஜில் அளந்தால் 20 சொச்சம். வித்தியாசம் பெயரில்தான். அதற்காக ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் உட்கார்ந்துவிடாது.

உட்கார வைக்க அடாப்டர் விற்கிறார்களே, வாங்கலாமா?

மாதம் தவறாமல் வரும் கேள்வி. வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். காரணத்தையும் இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

லித்தியம் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்காமல் நிறுத்தும் வேலையைப் பல பேட்டரிகள் தாங்களே செய்வதில்லை. மூன்றாவது முனை வழியாகக் கருவிக்குச் சொல்லும், கருவிதான் ஓட்டத்தை நிறுத்தும். மலிவான அடாப்டரில் பிளஸ், மைனஸ் இரண்டுக்கு மட்டும்தான் தகடு இருக்கும். சொல்ல வழியே இல்லை.

டிரில்லாக இருந்தால் சார்ஜ் குறையும்போது சுற்று தளரும், கைக்கே தெரியும். ரேடியோ இழுப்பதோ சில வாட்தான். பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி பாடிக்கொண்டிருக்கும். மறுநாள் சார்ஜரில் போட்டால் ஏற்காது. பழுது விளக்குதான் மினுக்கும். உடனே இன்னொரு பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து ‘உயிர் கொடுக்க’ ஒருவர் கிளம்புவார். அடிமட்டம் வரை காலியான செல்லுக்குள் ஷார்ட் ஏற்பட்டிருக்கலாம். அதை வலுக்கட்டாயமாக சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கலாம். அந்த பேட்டரி போனது போனதுதான், மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடாப்டரை ஏற்கனவே வாங்கித் தொலைத்திருந்தால், மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 15 வோல்ட் வந்ததும் கழற்றுங்கள். சாயங்காலம் கிளம்பும்போது மீட்டரே பார்க்காமல் கழற்றுங்கள்.

5 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை மணி நேரம் வரும்?

சுமார் 90 வாட்-மணி இருக்கிறது. நடுத்தர வால்யூமில் 5, 6 வாட் போனால் 15 மணி நேரம். முழு வால்யூமில் பாதிகூடத் தேறாது. யு.எஸ்.பி.யில் போன் செருகினால் ஒவ்வொன்றும் 15 முதல் 20 வாட்-மணி தின்றுவிடும். மூன்று பேர் செருகிவிட்டு ‘பேட்டரி நிற்கவில்லை’ என்று எழுதாதீர்கள்.

ஐ.பி. 64 போட்டிருக்கிறது. மழையில் விடலாமா?

6 என்றால் தூசி நுழையாது. 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஹோஸ் பிடித்துக் கழுவ முடியாது. அதுவும் பேட்டரி மூடி, யு.எஸ்.பி. மூடி எல்லாம் அழுத்தி மூடியிருந்தால்தான். சார்ஜ் ஒயர் தொங்கும் ரேடியோவுக்கு எந்த எண்ணும் பொருந்தாது. சிமென்ட் தூசியை கம்ப்ரஸரால் ஊதாதீர்கள், ஸ்பீக்கர் கோன் கிழியும். மென்மையான பிரஷ் போதும்.

அடித்தளத்தில் எஃப்.எம். எடுக்கவில்லை. மேலே வைத்தாலும் இரைச்சல்.

எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பி வலையின் இடைவெளி ஒரு சாண்கூட இல்லை; அலை எப்படி நுழையும்? படிக்கட்டுத் திறப்புப் பக்கம் வைத்து ஆன்டெனாவை நிமிர்த்திப் பாருங்கள். இல்லையென்றால் போனில் இறக்கி வைத்த பாட்டை புளூடூத்தில் போடுங்கள். 10 மீட்டர் வரை எட்டும், நடுவில் சுவர் வந்தால் அதுவும் குறையும். மேலே வரும் இரைச்சலுக்குப் பக்கத்தில் ஓடும் சார்ஜரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். 3 மீட்டர் தள்ளி வையுங்கள்.

கிரைண்டர் சத்தத்தை மீறிக் கேட்கும் ரேடியோ எது?

அப்படி ஒன்றைத் தேடாதீர்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கிரைண்டர் 100ஐத் தொடும், அதாவது கால் மணி நேரம். அதற்கு மேலே ரேடியோவையும் ஏற்றினால் பின்னால் வரும் லாரியின் ரிவர்ஸ் ஒலி கேட்காது. கிரைண்டர் ஓடும்போது காதுக்கவசம் போடுங்கள், ரேடியோவை அணையுங்கள்.

மெயின் கரன்டில் ஓட்டினால் உள்ளே இருக்கும் பேட்டரி சார்ஜ் ஆகுமா?

சில மாடல்களில் ஆகும், பலவற்றில் ஆகாது. மேனுவலில் இருக்கும்.

இரண்டு வாரம் சைட் மூடல். அப்படியே வைக்கலாமா?

பேட்டரியைக் கழற்றுங்கள். அணைத்து வைத்தாலும் கடிகாரம் கொஞ்சம் இழுக்கும். நேரம் நினைவில் நிற்கப் போட்டிருக்கும் சின்ன பென்சில் செல்களையும் எடுத்துவிடுங்கள். கசிந்தால் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.