வாசகர் கேள்வி: கொசுவின் எச்சிலுக்குள் மலேரியா கிருமி எப்படிப் போகிறது?

என் தம்பிக்கு மலேரியா. அவனைக் கடித்த கொசு அடுத்த நிமிஷமே பக்கத்தில் படுத்திருக்கும் என்னைக் கடித்தால் எனக்கும் வந்துவிடுமா?
— வாசகர், ராயபுரம்

அடுத்த நிமிஷம் கடித்தால் வராது. கொசுவின் வாயில் ரத்தம் மேலே ஏறும் குழாய் வேறு, எச்சில் கீழே இறங்கும் குழாய் வேறு. தம்பியிடம் உறிஞ்சிய ரத்தம் நேரே வயிற்றுக்குப் போய்விடும், அதை உங்கள் உடம்பில் கொட்டாது. ஆனால் அதே கொசு இன்னும் 10 முதல் 14 நாள் உயிரோடு இருந்து அப்புறம் கடித்தால் கதை வேறு. அதற்குள் கிருமி வயிற்றிலிருந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்ந்திருக்கும்.

வயிற்றில் இருக்கும் கிருமி சுரப்பிக்கு எப்படி வழி கண்டுபிடிக்கிறது? பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.
— ஆசிரியை, தென்காசி

நியாயமான ஆதங்கம், ஏனென்றால் மலேரியாவின் கதையில் மிகவும் சுவாரஸ்யமான கட்டமே அந்த ஒரு வரிதான். கொசுவின் வயிற்றில் ஆண், பெண் கிருமிகள் சேர்ந்து உருவாகும் உயிர், வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு போய் அதன் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னக் கொப்புளமாக ஒட்டிக்கொள்ளும். இதுதான் ஊசிஸ்ட். ஒவ்வொரு கொப்புளத்துக்குள்ளும் ஆயிரக்கணக்கான ஸ்போரோசோயிட்டுகள், அதாவது கிருமியின் அடுத்த கட்ட வடிவங்கள், வளர்ந்து, ஒரு நாள் அது உடைந்து எல்லாம் வெளியே கொட்டும்.

இந்தக் கட்டத்தில் அவை வழி தேடிப் போவதாகத் தெரியவில்லை. கொசுவுக்கு நம்மைப் போல ரத்தக் குழாய்ப் பின்னல் கிடையாது, உடம்புக்குள்ளேயே ரத்தம் தளும்பிக்கொண்டிருக்கும், அந்த ஓட்டம் இவற்றைக் கால், இறக்கை, தலை என்று எல்லா இடத்துக்கும் அடித்துக்கொண்டு போகும், பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகும். மார்பின் முன்பகுதியில் இருக்கும் எச்சில் சுரப்பியில் மோதுபவை மட்டும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சுரப்பி ஒரு ஜோடி, ஒவ்வொன்றிலும் மூன்று கதுப்புகள். நடுக் கதுப்பிலும் பக்கக் கதுப்புகளின் நுனிப் பகுதியிலும்தான் கிருமி அதிகம் நுழைகிறது.

ஒட்டுவதற்கும் நுழைவதற்கும் கிருமியின் மேற்பரப்பில் தனித்தனிப் புரதங்கள் வேலை செய்கின்றன. அதில் ஒன்று டிராப். 1997இல் எலிகளைத் தாக்கும் மலேரியா கிருமியில் இந்த மரபணுவைக் கெடுத்துப் பார்த்தார்கள். கொப்புளம் வழக்கம்போல வளர்ந்தது, ஸ்போரோசோயிட்டுகளும் உருவாயின, ஆனால் சுரப்பிக்குள் மட்டும் அவற்றால் நுழைய முடியவில்லை. ஒரே ஒரு புரதம் இல்லாததால் அவ்வளவு நாள் பயணமும் வீண்!

இன்னொரு விஷயம். கிருமி எச்சில் வெளியேறும் குழாய் வழியாக உள்ளே போவதில்லை. சுரப்பியின் வெளிச்சவ்வைக் கடந்து, எச்சில் சுரக்கும் செல்லுக்குள் புகுந்து, அதன் மறுபக்கம் வெளியேறி, எச்சில் தேங்கும் குழிவில் கத்தை கத்தையாகக் காத்திருக்கும், வைக்கோல் கட்டு மாதிரி. அங்கே இருக்கும்போதுதான் நம்மைத் தாக்கும் திறன் முழுமையாக வருகிறது. ஒரு சுரப்பியில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் குழாய் மிகக் குறுகல், அதனால் ஒரு கடியில் பெரும்பாலும் சில பத்து கிருமிகள்தான் தோலில் இறங்கும். அந்தச் சில பத்தும் போதும்.

கொசுவுக்குள் மலேரியா கிருமி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது யார்?
— கல்லூரி மாணவர், மதுரை

ரொனால்டு ராஸ். 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கொப்புளங்களைப் பார்த்தார். மறு வருஷம் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்தபோது, அந்தக் கிருமி எச்சில் சுரப்பியில் இருப்பதைக் கண்டார். அதே கொசுக்களை விட்டுக் கடிக்கவைத்தபோது ஆரோக்கியமான குருவிகளுக்கும் நோய் வந்தது. 1902இல் நோபல் பரிசு.

சரி, வீட்டில் என்ன செய்வது?
— ராயபுரம் வாசகர் கேட்ட இரண்டாவது கேள்வி

தம்பியைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், ஏனென்றால் இப்போது காப்பாற்ற வேண்டியது அவரை மட்டுமில்லை, அவரைக் கடித்துக் கிருமியை வாங்கிக்கொள்ளப் பார்க்கும் கொசுவையும் தடுக்க வேண்டும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் மூடாத மாடித் தொட்டியிலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். தொட்டி மூடியில் இடுக்கு இருக்கிறதா என்று இன்றைக்கே ஏறிப் பாருங்கள். வந்திருப்பது வைவாக்ஸ் வகையாக இருந்து டாக்டர் 14 நாள் பிரைமாகுயின் எழுதிக் கொடுத்திருந்தால், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கான மருந்து அதுதான்.