பதினோராவது சனிக்கிழமை

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்கிறோம். வியாசர்பாடியில் ஒரு பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் நாடகம் சொல்லிக்கொடுத்து, நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று மேடையேற்ற நினைக்கிறோம். ஜூலையில் தொடங்குகிறோம். சனிக்கிழமை நல்லதா, ஞாயிற்றுக்கிழமையா? எந்த நாடகத்தை எடுக்கலாம்? வாயே திறக்காத பிள்ளைகளை என்ன செய்வது?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த நவம்பர் 14-ஐ விட்டுவிடுங்கள். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம் அது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்குள் போய்வருவது என்ன பாடு என்று பெரம்பூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் காலாண்டுத் தேர்வு, விடுமுறை, தீபாவளி என்று பிள்ளைகள் சிதறிவிடுவார்கள். ஜூலை முதல் சனிக்கிழமை தொடங்கினால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பத்து சனிக்கிழமைகள் கிடைக்கும். தேர்வுக்கு முன்பே ஒரு சின்ன நாடகத்துக்கு அது போதும்.

ஞாயிறு வேண்டாம். நடுவில் ஆடி மாதம் வருகிறது. ஞாயிறுதோறும் ஏதாவது ஓர் அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். ஒலிபெருக்கியோடு உங்களால் போட்டி போட முடியாது, போடவும் கூடாது. சனிக்கிழமையிலும் எந்த நேரம் என்பதைப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் பிடிக்கும் நேரமும் டியூஷன் நேரமும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. பல வருடங்களுக்கு முன் நாங்கள் ஐந்து பேர் தென்சென்னையில் ஒரு குடியிருப்பில் இதே வேலையைத் தொடங்கினோம். நாடகம் நன்றாக நடந்தது, கைத்தட்டல் கிடைத்தது. "அடுத்த வாரம் வருவீர்களா அக்கா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். வருவோம் என்றோம். ஒருவருக்கு வேலை மாற்றம், ஒருவருக்குத் திருமணம், எனக்குக் களைப்பு. வரமாட்டோம் என்று சொல்லக்கூட யாரும் போகவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, வேறு வேலையாக அந்தத் தெருவழியே போனேன். நாங்கள் கூடும் மண்டபத்தின் படிக்கட்டில் ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபம் பூட்டியிருந்தது. ஒரு சிறுமி எழுந்து வந்து, "போன வாரமும் வந்தோம் அக்கா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அந்தப் படிக்கட்டை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதனால் கதையைத் தேடுவதற்கு முன் ஆறு பேரும் உட்கார்ந்து நாள்காட்டியைப் பாருங்கள். உங்கள் வேலையில் இரவும் சனிக்கிழமையும் சொல்லாமல் கொள்ளாமல் பறிபோகும் என்று எனக்குத் தெரியும். ஆறு பேரில் இரண்டு பேர் பத்து வாரமும் தவறாமல் வர வேண்டும். பிள்ளைகள் அந்த இரண்டு முகங்களைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மற்ற நால்வர் முறைவைத்து வரலாம். எந்த வாரமும் மூன்று பேருக்குக் குறையக் கூடாது: ஒருவர் நடத்த, ஒருவர் கூட நிற்க, ஒருவர் வாசலில் வருகைப் பதிவோடு. அந்தத் தெருவிலேயே கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணோ பையனோ கிடைத்தால் ஏழாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வராத நாளிலும் அங்கே இருக்கப்போகிறவர் அவர்தான்.

முப்பது பிள்ளைகள் அதிகம். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருபது பேர் போதும். எப்படியும் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓர் அக்கா வருவாள். திருப்பி அனுப்பிவிடாதீர்கள், தம்பிக்கு ஒரு மூலையில் பாய் விரியுங்கள். தம்பி வந்தால்தான் அவளால் வர முடியும்.

பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கும்போது கழிப்பறைச் சாவியையும் கேளுங்கள். விடுமுறை நாளில் அது பூட்டியிருக்கும். பெண் பிள்ளைகள் மூன்றாவது வாரம் வராமல் போவதற்கு அதுவே காரணமாகலாம்.

எந்த நாடகம் என்று கேட்டிருந்தீர்கள். எதையும் எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நம் மேடைக்குப் பிள்ளைகள் புதியவர்கள் இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா என்ற சிறுவர் நாடகக் குழுவில்தான், பின்னாளில் பெரிய நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். பாட்டும் வசனமும் மனப்பாடமாக அவர்களுக்கு வேண்டியிருந்தன. அது அவர்கள் தொழில், சாப்பாடு. உங்களிடம் வரும் பிள்ளை வாரம் ஐந்து நாள் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறது. ஆறாம் நாளும் அதையே கொடுத்தால் வசனம் மறந்துவிடுமோ என்ற பயம்தான் மேடையில் தெரியும்.

முதல் மூன்று வாரம் விளையாட்டு மட்டும் போதும். பிறகு அவர்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள்: கால்பந்து காணாமல் போனது, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. சொல்வதை நடித்துக்காட்டச் சொல்லுங்கள். ஐந்தாவது வாரத்தில் உங்கள் கையில் நாடகம் இருக்கும். வசனத்தை அவர்கள் பேசும் தமிழிலேயே விடுங்கள், தயவுசெய்து திருத்தாதீர்கள். உடைக்கு வாடகை கொடுக்க வேண்டாம், வீட்டுத் துப்பட்டாவும் பழைய வேட்டியும் போதும். மிச்சமாகும் பணத்தில் வாராவாரம் சுண்டல் வாங்கிக் கொடுங்கள்.

வாய் திறக்காத பிள்ளைக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு பையன் ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுண்டல் தின்ற எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து, நகத்தால் தட்டிக்கொண்டே இருப்பான். எங்களில் ஒருவர் தட்டைப் பிடுங்கப் போனார். அப்போதுதான் கவனித்தேன், அது தூறல் சத்தம். விரல் நுனிக்கு மாறினால் மழை, உள்ளங்கையால் அடித்தால் இடி. நாடகத்தில் ஒரு மழைக்காட்சி சேர்த்தோம். மழை முழுக்க அவனுடையது. ஒன்பதாவது வாரம், ஒத்திகையில் அவசரப்பட்டு வசனத்தைத் தொடங்கிய ஒருத்தியைப் பார்த்து, "இரு, மழை இன்னும் விடவில்லை" என்றான். யாரும் அவனைப் பேசச் சொல்லியிருக்கவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கைகளைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, அது உங்கள் உயிர் நண்பராகவே இருந்தாலும். பெண் பிள்ளைகள் உடை மாற்றும் இடத்தில் பெண்கள் மட்டுமே நிற்க வேண்டும். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் படம் எடுக்கவோ சமூக ஊடகத்தில் போடவோ வேண்டாம். விளையாட்டில் மனம் இளகும்போது பிள்ளைகள் வீட்டில் நடப்பதைச் சொல்லிவிடுவார்கள். தவறான தொடுதல் பற்றி ஒரு பிள்ளை சொன்னால் நீங்களே விசாரிக்க இறங்காதீர்கள். உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். முதல் சனிக்கிழமைக்கு முன்பே ஆறு பேருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பத்தாவது வாரம் பள்ளித் திண்ணையிலேயே, அம்மாக்கள் முன்னால் நடத்துங்கள். இருபது நிமிடம் போதும். மறு சனிக்கிழமை அதே நேரத்துக்கு ஆறு பேரும் மறுபடி போங்கள். நாடகம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தேர்வு முடிந்து, மழை விட்டு, பொங்கலுக்குப் பிறகு வருவதாக இருந்தால் தேதியைக் கரும்பலகையில் எழுதுங்கள். வர முடியாதென்றால் அதையும் அன்றைக்கே நேரில் சொல்லுங்கள்.