வேதாகமத்தின் அப்போஸ்தலர் 17:26 வெவ்வேறு இனத்தவருக்கிடையிலான கலப்பு மணத்தைத் தடுக்கிறதா?

தடுக்கவில்லை. கடவுள் மக்களுக்கு "குடியிருப்பின் எல்லைகள்" குறித்தார் என்று அதில் வரும் சொற்களை வைத்து, அமெரிக்க மாநிலமான வர்ஜீனியாவின் பழைய கலப்பு மணத் தடைச் சட்டத்தை உங்கள் நண்பர் நியாயப்படுத்துகிறார் என்றீர்கள். அவர் வசனத்தின் பின்பாதியை மட்டும் படிக்கிறார். முன்பாதி, எல்லா மக்களும் ஒரே இரத்தத்தில் தோன்றியவர்கள் என்கிறது. அமெரிக்காவில் இனப் பிரிவினையை ஆதரித்தவர்களும் இப்படித்தான் வெட்டிப் படித்தார்கள்.

அவரோடு உட்கார்ந்து 17:22 முதல் 31 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பவுல் ஏதென்ஸில் சிலை வழிபாட்டைப் பற்றிப் பேசுகிறார். திருமணம் என்ற பேச்சே இல்லை. எல்லைகள் எதற்கு என்பதையும் 27ஆம் வசனமே சொல்லிவிடுகிறது: மக்கள் கடவுளைத் தேடுவதற்கு. பிறகு எண்ணாகமம் 12. மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காக மிரியாம் அவருக்கு எதிராகப் பேசுகிறாள். தண்டனை கிடைப்பது மிரியாமுக்கு! இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

வேற்று மக்களோடு மண உறவு கூடாது என்னும் உபாகமம் 7:3-ஐ அவர் காட்டினால் அடுத்த வசனத்தையும் படிக்கச் சொல்லுங்கள். அங்கே சொல்லப்படும் காரணம் வேறு தெய்வ வழிபாடு, தோல் நிறம் அல்ல.

ஒரு எச்சரிக்கை. வர்ஜீனியாவின் அந்தத் தடைச் சட்டத்தை எதிர்த்து லவ்விங் தம்பதி நடத்திய வழக்கில், அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்த மாநில நீதிபதி பசீல் இந்த வசனத்தை மேற்கோள் காட்டினார் என்று எழுதிவிடாதீர்கள். கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார் என்ற அவருடைய 1965ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பிரபலமான வரிகளில் வசன எண் எதுவும் கிடையாது. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியதும் வேதாகம விளக்கத்தால் அல்ல, எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தரும் 14ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால்.