பட்டில் சாயம் கோடு தாண்டுகிறதா?

அம்மம்மாவின் மயில் பட்டோவியத்தைப் பிரதி செய்யும்போது சாயம் கோட்டைத் தாண்டிப் பரவுகிறது என்று உப்புவெளியிலிருந்து கேட்டிருந்தீர்கள். சாயத்தில் பிழை இருக்காது. கோடு வரையும் கட்டா என்ற தடுப்புப் பசை பட்டின் மறுபக்கம் வரை ஊறியிருக்காது. சட்டத்தோடு தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விட்டுப்போன இடங்களில் பின்பக்கமிருந்தும் கோட்டை இழுங்கள். தோகைக் கண் மாதிரிச் சின்ன வளையத்தில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலே போதும், சாயமெல்லாம் வெளியே ஓடிவிடும்.

திருகோணமலையில் மாரிக்காலத்தில் கோடு காயவே நேரமெடுக்கும், அவசரப்படாதீர்கள். தூரிகையைக் கோட்டருகே வைக்காமல் நடுவில் வையுங்கள். சாயம் தானே ஓரம்வரை போகும்.

அப்புறம், பழைய பட்டின் மேலேயே வைத்து நகலெடுக்க வேண்டாம், பாவம் அது! படமெடுத்து அதே அளவில் அச்சடித்துப் புதுப் பட்டின் கீழே வையுங்கள்.