குரூப்பில் போட்டால் சொன்னதாகுமா?

கேள்வி: உங்கள் வேலையிடத்தில் மூத்தவர்களும் இளையவர்களும் தகவலை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள்?

அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிக் கால்வாய் ஒன்றில் தண்ணீர் விடுவதும் நிறுத்துவதும் எங்கள் வேலை. பாபநாசம் (முழு மட்டம் 143 அடி), மணிமுத்தாறு (118 அடி) அணைகளின் நிலவரம் காலையிலேயே வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும். என் வயதுக்காரர்கள் பார்ப்போம், கட்டைவிரல் ஒன்று போடுவோம், முடிந்தது.

எங்கள் லஸ்கர் (ஷட்டரை ஏற்றி இறக்கும் கால்வாய்ப் பணியாளர்) அண்ணாச்சிக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. ஒரு பிசானப் பருவ நெல் அறுப்பு சமயம், "ஷட்டரைப் பாதி இறக்கவும்" என்று குரூப்பில் போட்டேன். பார்த்தவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. மறுநாள் போனால் தண்ணீர் அப்படியே ஓடுகிறது. கீழே இரண்டு வயலில் அறுப்பு மெஷின் இறங்க முடியாத அளவுக்குச் சேறு. சத்தம் போட்டேன்.

"பாத்தேன் சார். ஊருக்குல்லா சொல்லியிருந்தீங்க, எனக்குன்னு சொல்லலியே" என்றார்.

சாக்கு என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்தச் செய்தியை எடுத்துப் பார்த்தால், எந்த ஷட்டர் என்று நான் எழுதவே இல்லை. குரூப்பில் லஸ்கர்கள் மட்டும் மூன்று பேர்.

அவரிடமிருந்து விஷயம் வாங்குவது தனிக் கூத்து. எத்தனை கன அடி போகிறது என்று ஆபீசில் கேட்டால் முழிப்பார். ஷட்டரடியில் நிறுத்திக் கேட்டால், "இன்னும் நாலு சுத்து திறந்தா பொழுதடைய கடைமடைக்கு எட்டிரும். நடுவுல அந்தக் குளத்து மடையை அடைச்சிருக்கணும்" என்பார். நோட்டில் எழுத ஆரம்பித்தேன். "எழுதி வச்சிட்டா அப்புறம் என்னை யாரு சார் கேப்பா?" என்று சிரித்தார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவர் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார் என்று அதுவரை நானும் குறைப்பட்டவன்தான்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் சிக்னல் போய் குரூப் செத்துக் கிடந்தது. 1992 வெள்ளத்தில் கரை உடைந்த இடம் அவருக்குத் தெரியும். நாங்கள் போய்ச் சேருமுன்பே அங்கே நாலு பேரைக் கூட்டி மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது குரூப்பில் போட்டுவிட்டு அவருக்குத் தனியாக ஒரு போன். பதிலுக்கு அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் பழகிக்கொண்டார். தாண்டிக் கேட்க முடியாது. விஷயம் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாதே. நேற்று வந்தது இரண்டு நிமிடம். சாப்பிட்டாச்சா சார், பேத்திக்குக் காது குத்து, கோவிலில் என்ன கூட்டம்... கடைசிப் பத்து விநாடியில், ஷட்டர் திருகு மரை தேய்ந்து நழுவுகிறதாம்.